கண்ணை மட்டும் மூடாதே

கேமரன் மலைக்கு வரும் நண்பர்களை எங்கே அழைத்துப் போவேன் என்பது எனக்கே சலித்துப்போன ஒன்று. சுங்கை பாலாஸில் தேயிலைச் சரிவுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் போ தோட்டத்துத் தேநீர் மாடம், கியா பார்மில் ஸ்ட்ராபெரி, இறங்கும்போது தானா ராத்தாவில் ரொட்டி சானாய். வருகிறவர் கொஞ்சம் வாசிக்கிறவர் என்றால் மட்டும் கேள்வி வேறு மாதிரி வரும். "அந்த ஜிம் தாம்சன் காணாமப் போன எடம் எங்க இருக்கு?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜிம் தாம்சன் தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுப்பிரிவில் இருந்தவர். 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு இங்கே 'மூன்லைட்' என்ற பங்களாவில் நண்பர்களோடு தங்கினார். மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. மதியத்துக்குமேல் தனியாக நடக்கக் கிளம்பியவர் திரும்பவில்லை. போலீஸ், இராணுவம், காட்டைக் கைரேகைபோல அறிந்த ஒராங் அஸ்லிகள், போமோக்கள் என்று பெரும் கூட்டமே தேடியது. என்ன ஆனார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. புலி அடித்தது என்பது முதல் உளவாளிகள் கடத்தினார்கள் என்பது வரை கதைகளுக்குப் பஞ்சமில்லை.

நான் நண்பர்களுக்குக் காட்டுவது பங்களாவை இல்லை. அன்று காலை அவர் ஈஸ்டர் வழிபாட்டுக்குப் போன இடத்தை. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவே இருக்கிறது 'ஆல் சோல்ஸ்' ஆங்கிலிக்கன் ஆலயம். கோபுரம் கீபுரம் எதுவும் கிடையாது. பெரிய தகர உருளையை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தது போன்ற கட்டடம். பிரிட்டிஷ் இராணுவம் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகும் 'நிஸ்ஸன்' கொட்டகைதான் அது. பக்கத்திலிருந்த இராணுவப் பள்ளி கொடுத்த கொட்டகை, ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆசிரியை கொடுத்த நிலம். இரண்டும் சேர்ந்து 1950களின் கடைசியில் ஆலயமானது.

பெயரைத் தமிழில் சொன்னால் சகல ஆத்துமாக்கள் ஆலயம். முதல்முறை கேட்கும் யாருக்கும், சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் உள்ளே வரலாம் என்பதைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் அது இறந்தவர்களைக் குறிக்கும் பெயர். நவம்பர் 2, கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் நாள், அந்தத் திருநாளின் பெயர். இருக்கிறவர்களை வரவேற்பது பற்றி அதில் எதுவும் இல்லை.

ஒரு மனிதருக்காக மலை முழுக்கச் சலித்துத் தேடியதை நான் குறையாகச் சொல்லவில்லை. தேடத்தான் வேண்டும். ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குப் போன தமிழர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்கு இன்றுவரை சரியான கணக்கு இல்லை. யார் எண்ணப்படுகிறார்கள், யார் எண்ணப்படுவதில்லை என்ற விஷயம் என்னை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருப்பதால்தான் எங்கள் ஊரின் இன்னொரு சபையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். உரக்கடைக்கு மேலே, மாடியில் இருந்த சபை. அதற்கு முன்னால் கொஞ்சம் மலையின் கதை.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த மலை ஓய்வெடுக்கும் இடம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்தப் பகுதிக்கு வந்து போனார். அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1934இல் அதே கிரிஃபித்-ஜோன்ஸ் அம்மையார் இங்கே ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். தோட்டத் துரைமார்களின் பிள்ளைகளைப் பிஞ்சு வயதிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேற்ற வேண்டாமே என்பது எண்ணம். அவசரகாலத்தில் அந்த இடம் இராணுவப் பிள்ளைகளின் ஸ்லிம் பள்ளியானது. சீனாவிலிருந்து வெளியேற நேர்ந்த மிஷனரிகள் 1950களில் மலாயாவின் சீனப் புதுக்கிராமங்களுக்கு வந்தபோது, தங்கள் பிள்ளைகளுக்காக 'சீஃபூ' என்ற பள்ளியை இதே மலையில் நடத்தினார்கள். 2001இல்தான் அது மூடப்பட்டது. ஆக, கிறிஸ்தவம் மலைக்கு வந்து ரொம்ப நாளாகிறது. ஆனால் அது பெரும்பாலும் விடுமுறைக்கும் படிப்புக்கும் வந்த கிறிஸ்தவம்.

எங்கள் ஆட்கள் ஓய்வெடுக்க வரவில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இலங்கையில் தேயிலை போட்டுப் பழகிய மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்ததும் சரிவில் கன்று நட்டதும் தமிழர்கள். அவர்களோடு மாரியம்மனும் மலையேறினாள். தமிழ்க் கிறிஸ்தவம் மலாயாவுக்கு வந்த வழி வேறு. 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் மிஷனும், தரங்கம்பாடி வழி லுத்தரன்களும், கத்தோலிக்கர்களும் தமிழில் வேலை செய்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிராணிகளும் வாத்தியார்களும் அதற்கு முதுகெலும்பாக இருந்தார்கள். அந்தச் சபைகளிலும் முன்வரிசை பின்வரிசை இருந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கிராணி உட்கார்ந்த பெஞ்சில் கொழுந்து பறிக்கிறவள் உட்கார்ந்ததில்லையாம். சாதி கடலைத் தாண்டி வந்தது போலவே ஞானஸ்நானத் தொட்டியையும் தாண்டி வந்துவிட்டது. இது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எங்கள் மாடிச் சபை இந்தப் பெரிய மிஷன்கள் எதிலும் சேராதது. 1990களில் நாடு முழுக்கக் கடைவீட்டு மாடிகளில் முளைத்த ஆவிக்குரிய சபைகளில் ஒன்று. எந்தப் பட்டணம் என்று சொல்லப்போவதில்லை. மலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கீழே காய்கறித் தோட்டக்காரர்களுக்கான உரக்கடை. படியேறும்போதே கோழி எருவின் நாற்றம் மூக்கில் ஏறும். மேலே நீலக் கம்பளம், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், துணி போர்த்திய கீபோர்ட், சுவரில் அந்த வருஷத்து வாக்குத்தத்தம். ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வந்தால் பெரிய கூட்டம்.

நான் அங்கே போனது டியூஷனுக்கு. ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் யுபிஎஸ்ஆர். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தச் சோதனையின் மலாய்த் தாள் எப்படிப்பட்ட பயம் என்று தெரியும். அதில் சரியாக வராவிட்டால் இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பு என்று ஒரு வருஷம் கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. பாஸ்டரம்மா முன்பு தற்காலிக ஆசிரியையாக இருந்தவர். செவ்வாயும் வெள்ளியும் பாஸ்டரின் பழைய வேன் லயத்துக்கு வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும். மலாய், கணக்கு, நடுவில் மைலோவும் கிரீம் கிராக்கரும். காசு கிடையாது.

காசு கிடையாது என்பதுதான் பிரச்சினை. அப்பா தோட்டத்து மாரியம்மன் கோவில் கமிட்டியில் பொருளாளர். கமிட்டியில் ஒரு மாமா முகத்துக்கு நேராகவே கேட்டார். "இன்னிக்கு மைலோ குடுப்பான். நாளைக்கு ஞானஸ்நானம் குடுப்பான். பொருளாளர் மகளே போறாளே, நாங்க என்னான்னு சொல்றது?"

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் முடிவெடுத்தாள். அவள் காலையில் பெரட்டுக்குப் போய், சரிவில் கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டி, சாக்கைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு நிற்கிறவள். தன் பெண்ணும் கூடையை மாட்டக் கூடாது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. முதல் நாள் தலை பின்னிவிடும்போது சொன்னாள். "படிக்கப் போ. அவங்க ஜெபம் பண்ணுனா மரியாதையா கையக் கட்டிக்கிட்டு நில்லு. கண்ணை மட்டும் மூடாத."

இந்த விதியை நான் வளர்ந்தபிறகு ரொம்ப யோசித்திருக்கிறேன். எங்கள் சாமி பார்க்கப்படும் சாமி. திரை விலகும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தால்தான் அம்மனைப் பார்க்கலாம், அம்மனும் நம்மைப் பார்ப்பாள். அவர்களுடைய சாமி கண்ணை மூடினால் வருகிற சாமி. அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இரண்டு வழிபாட்டுக்கும் நடுவில் வாசல் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரிந்து அதில் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

அதனால் எனக்கு ஒரு விசித்திரமான இடம் கிடைத்தது. வகுப்பு முடிந்து ஜெபம் தொடங்கும்போது, முப்பது நிமிஷம் முன்னால் வந்து காத்திருக்கும் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அத்தனை பேரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். தோட்டத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் நாய்போல விரட்டும் ஒரு தண்டல், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுவார். எதிர் லயத்து அத்தை இரண்டு கையையும் ஏந்தியிருப்பார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல் வெடிப்புகள் எனக்கு நேராகத் தெரியும். கண் மூடிய மனிதர்களின் முகங்களை அவ்வளவு நேரம் பார்ப்பது யாருக்கும் கிடைக்காத அனுமதி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது மூன்றாவது வாரமே பாஸ்டர் பார்த்துவிட்டார். ஜெபம் நடத்துகிறவர் நடுவில் கண் திறந்து கீபோர்ட்காரருக்குச் சைகை காட்டுவார். அப்போது என் கண்ணும் அவர் கண்ணும் மோதிக்கொண்டன. அவர் ஜெபத்தை நிறுத்தவில்லை. முகம் மாறவும் இல்லை. இரண்டு வருஷத்தில் அந்த மோதல் எத்தனையோ முறை நடந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் அம்மாவிடமும் கேட்டதில்லை.

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. மேடையில் அவர் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் எங்கள் சாமிகளுக்கு விக்கிரகம் என்றுதான் பெயர். எதிர் லயத்து அத்தை ஞானஸ்நானம் வாங்கிய வாரம், வீட்டுச் சாமிப்படங்களை ஓடையில் போட்டார். பள்ளிக்குப் போகும் வழியில் முருகன் படம் கண்ணாடி உடைந்து கல்லுக்கு நடுவில் செருகிக் கிடந்ததை நான் பார்த்தேன். அது அத்தையின் தாய்வீட்டிலிருந்து வந்த படம். எத்தனையோ தைப்பூசத்துக்கு நானே அதற்குப் பூ வைத்திருக்கிறேன். அப்படிச் செய்யச் சொன்னது பாஸ்டரா, அத்தையாகவே செய்ததா என்று நான் விசாரித்ததில்லை. அந்தச் சபையின் வரவேற்பைப் பற்றி நல்லதாக எதை நினைத்தாலும் அந்த ஓடையும் கூடவே வருகிறது. வருகிறவர் எதைக் கீழே போட்டுவிட்டு வரவேண்டும் என்ற கேள்வியைச் சபைகள் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. எங்கள் கோவில் கமிட்டியின் வரிப் புத்தகத்தில் அந்த வருஷமே அத்தையின் பெயர் சிவப்பு மையில் அடிக்கப்பட்டது. அதை அடித்தது என் அப்பாவின் பேனா.

தமிழ்ச் சபைகளில் ஒரு சொல் உண்டு. ஆத்தும ஆதாயம். சுவிசேஷம் சொல்லி ஒருவரைச் சபைக்குள் கொண்டுவருவதை அப்படிச் சொல்வார்கள். பைபிள் தமிழில் ஆதாயம் என்ற சொல்லுக்குப் பழைய பெருமை ஏதோ இருக்கலாம். தோட்டத்தில் பிறந்த என் காதில் அது தராசு முள் அசைகிற சத்தமாகத்தான் விழுகிறது. எத்தனை கிலோ, யார் பேரில்?

ஒரு பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து ஓர் இளைஞர் குழு வந்தது. கிட்டார், பொம்மலாட்டம், பரிசுப்பொட்டலம். நாங்கள் பிள்ளைகள் நாற்பது பேராவது இருந்திருப்போம், மாடி கொள்ளவில்லை. கடைசியில் ஓர் அண்ணன் விளக்கைக் குறைத்துவிட்டு, எல்லாரும் கண்ணை மூடுங்க, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்க என்று மெதுவான குரலில் சொல்லத் தொடங்கினார். இன்னோர் அக்கா ஓரத்தில் நோட்டோடு நின்றார். எண்ணுவதற்கு. நான்தான் கண் திறந்திருந்தேனே, எல்லாம் தெரிந்தது. பரிசு வாங்கின சந்தோஷத்தில் என் பக்கத்தில் இருந்தவள் கையைத் தூக்கப் போனாள்.

பாஸ்டர் எழுந்து லைட்டைப் போட்டார். "தம்பி, பிள்ளைங்க டியூஷன் பிள்ளைங்க. இவங்க அம்மா அப்பா இங்க இல்ல. சாப்பாடு ஆறுது லா, சாப்பிடலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த அண்ணனின் முகம் வாடிப்போனது. அந்தக் குழு அடுத்த வருஷம் வரவில்லை.

அதற்கு அவர் கொடுத்த விலை எனக்குப் பிறகு தெரிந்தது. நான் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது, கணினி தட்டத் தெரியும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையின் அறிக்கையை மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டிக் கொடுப்பேன். சபைக்கு உதவித்தொகை அனுப்புகிறவர்களுக்குப் போகும் அறிக்கை. புதிதாக வந்தோர், இரட்சிக்கப்பட்டோர், ஞானஸ்நானம் பெற்றோர் என்று கட்டங்கள். டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்கு அதில் கட்டமே இல்லை. பாட்டிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன வேனுக்கும் இல்லை. அவர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, "சைபர் போடும்மா" என்பார். சைபர் போட்டேன். கொஞ்ச காலத்தில் உதவித்தொகை குறைந்தது. வேன் விற்கப்பட்டது. பாஸ்டரம்மா நாசி லெமாக் கட்டி உரக்கடையில் வைத்து விற்றார்.

இன்னொரு பக்கம் சட்டம். மலேசியாவில் சபை வைத்து நடத்துகிறவர் யாரும் எல்லாரும் வாருங்கள் என்று அப்படியே எழுதிவிட முடியாது. கூட்டரசு அரசியல் சட்டத்தின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது. பகாங்கிலும் 1989லிருந்து அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அதனால் கிறிஸ்துமஸ் அழைப்பிதழானாலும் பாட்டுப் புத்தகமானாலும் அடியில் ஒரு வரி அச்சாகும்: இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கு மட்டும். மேலே, அனைவரும் வருக. கீழே, இந்த வரி. தட்டிக் கொடுத்தவள் நான் என்பதால் அந்தத் தாளின் இரண்டு முனைகளும் எனக்கு மனப்பாடம். எங்கள் மாடிக்கு வெளியே சிலுவைகூட இருந்ததில்லை. 2015 ஏப்ரலில் பெட்டாலிங் ஜெயாவின் தாமான் மேடானில் இப்படியே ஒரு கடைவீட்டுச் சபை, ஆர்ப்பாட்டக்காரர்கள் கூடியதால் முகப்பிலிருந்த சிலுவையை இறக்கியது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் பாஸ்டர் ஏன் ஆரம்பத்திலேயே ஜன்னலுக்கு உள்பக்கமாகச் சிலுவையை மாட்டினார் என்று புரிந்தது.

உரக்கடையின் பின்கட்டில் வங்காளதேசத் தொழிலாளர்கள் ஏழெட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். காய்கறித் தோட்டங்களில் வேலை. மேலே பாட்டுச் சத்தமும் கோழிக்கறி வாசமும் வரும். அவர்கள் பின்வாசலில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்பார்கள். படியேறி வரச் சொல்லவும் முடியாது, பக்கத்தில் ஆள் பசியோடு இருக்கும்போது மேலே விருந்து வைக்கவும் முடியாது. பாஸ்டரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கிறிஸ்துமஸ் அன்று அவர்களுக்கான பிரியாணிப் பொட்டலங்களை மாமாக் கடையில் சொல்லிவைப்பார். ஹலாலுக்கும் ஆச்சு, மாடியிலிருந்து போனதாகவும் இருக்காது. கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து பின்கட்டில் கொடுத்துவிட்டுப் போவான். யார் கொடுத்தது என்று அவன் சொல்ல மாட்டான். ஆனால் மழைக்காலத்தில் மாடியின் தகரம் ஒழுகியபோது, கூப்பிடாமலே ஏறி அடைத்துக் கொடுத்தது அந்தப் பின்கட்டு ஆட்கள்தான்.

எதிர் லயத்து அத்தை இறந்தது நான் ஐந்தாம் படிவம் படிக்கும்போது. சிறுநீரகம். தோட்டத்தில் சாவு என்றால் வேலைக்காட்டிலிருந்து ஆட்கள் நேராக வந்துவிடுவார்கள், தப்பு அடிப்பார்கள், பாடை கட்டுவது இன்னார் என்பதெல்லாம் சொல்லி வைத்ததுபோல நடக்கும். அன்று யாரும் கை வைக்கவில்லை. எரிப்பதில்லை, புதைக்கிறார்கள், தப்பு கூடாதாம், பாட்டுப் பாடுவார்களாம். கமிட்டி எங்கள் வீட்டு வாசலிலேயே கூடியது. "அவங்க ஆளுங்க இருக்காங்கல்ல, தூக்கிக்கட்டும்." அவர்கள் ஆட்கள் என்றால் பாஸ்டர், அந்தத் தண்டல், இரண்டு கிழவர்கள், மற்றதெல்லாம் பெண்கள். சவக்குழிக்குப் போகும் பாதை மழையில் சேறாகியிருந்தது.

அப்பா சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு எதிர் லயத்துக்கு நடந்தார். "நம்ம லயத்துச் சாவு" என்று மட்டும் சொன்னார். அவர் பின்னால் இரண்டு பேர், பிறகு ஐந்து பேர். பெட்டியின் ஒரு முனையில் பாஸ்டர், மறுமுனையில் அப்பா. வழுக்கும் இடங்களில் அப்பா "மெதுவா, மெதுவா" என்பதும் பாஸ்டர் "ஸ்தோத்திரம்" என்பதும் மாறி மாறிக் கேட்டது. குழியில் எல்லாரும் மண் போட்டார்கள். வீடு திரும்பியதும் அப்பா வழக்கம்போலப் பின்கட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். வரிப் புத்தகத்தில் அத்தையின் பெயர் அடிபட்டபடியேதான் இருந்தது. அதை யாரும் திருத்தவில்லை.

இதற்குப் பிறகுதான் பாட்டியின் ஐசி விஷயத்தில் பாஸ்டரை அப்பா வீட்டுக்குள் உட்காரச் சொல்லிப் பேசினார். பாட்டிக்குச் சிவப்பு ஐசி. இந்தத் தோட்டத்தில் பிறந்து இந்தத் தோட்டத்தில் முதுகு வளைந்தவள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. ஓட்டு இல்லை. இந்த நாட்டுத் தோட்டத் தமிழர்களில் எத்தனையோ பேரின் கதை இது. பதிவிலாகாவுக்குப் போனால் அந்தக் கடிதம் எங்கே, இந்தச் சாட்சி எங்கே என்பார்கள். எங்கள் மாநிலத் தலைநகர் குவாந்தான். அங்கே போக அப்போது நாங்கள் தாப்பா வழியாகப் பேராக்கில் இறங்கி, கோலாலம்பூரைச் சுற்றி, மறுபடி பகாங்குக்குள் நுழைய வேண்டியிருந்தது. சொந்த மாநிலத்துக்கு விருந்தாளிபோலப் போன ஊர் எங்களுடையது. வேன் இல்லாததால் பாஸ்டர் யாருடைய காரையோ கடன் வாங்கிப் பாட்டியை ஏற்றிக்கொண்டு போனார். மூன்று முறை. பழைய தோட்டப் பதிவேட்டின் நகல், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம், பாட்டியைச் சிறுவயதிலிருந்து தெரியும் என்று இரண்டு கிழவர்களின் சத்தியப்பிரமாணம் என்று ஒரு நீலக் கோப்பு வளர்ந்தது. பாட்டியைப் போல எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் இருந்தவர்களின் தாள்களும் அதில் சேர்ந்தன. பெரும்பாலும் சபைப் பக்கமே போகாதவர்கள். 2011இல் அரசாங்கம் மைடஃப்தார் என்று முகாம் போட்டபோது வரிசையில் கோப்போடு முதலில் நின்றது அவர்தான்.

2018இல் ஆட்சி மாறியதும், அறுபது வயதைத் தாண்டிய, சிவப்பு ஐசி வைத்திருக்கும் இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். பாட்டி இறந்து அப்போது இரண்டு வருஷம்.

பாஸ்டர் அதற்கு முன்பே மலையிறங்கிவிட்டார். மாடிக்கு வாடகை கட்ட முடியவில்லை, பாஸ்டரம்மாவுக்கு முட்டி வலி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்த மாடியில் சனிக்கிழமை இரவு நேப்பாளத் தொழிலாளர்கள் சிலர் கூடித் தங்கள் மொழியில் பாடுகிறார்கள். லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும். என்னையும் சேர்த்து.

போகுமுன் அந்த நீலக் கோப்பைப் பாஸ்டர் சபைக்காரர் யாரிடமும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொடுத்தார். "நீங்கதான் கணக்கு எழுதுற ஆளு" என்றாராம். அப்பா அதைக் கோவில் அலமாரியில், வரிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் கோவில் திண்ணையில் உட்கார்ந்து யாருக்காவது படிவம் நிரப்புகிறார். எழுத்து தெரியாத இடத்தில் எனக்கு போன் வரும்.

போன மாதம் வந்த போன் ஒரு பையனுடையது. ஆறு வயது. அப்பா தமிழர், தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். அம்மா இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலிருந்து வேலைக்கு வந்த கத்தோலிக்கப் பெண். கல்யாணத்தைப் பதியாததால் பையனுக்குக் குடியுரிமை இல்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்று அப்பாவே தெரிந்துவைத்திருந்தார். அந்தப் பெண் கோவில் திண்ணையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது போனில் அவள் பேசிய மலாயிலிருந்து தெரிந்தது.

"இதுல மதம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னா எழுதறது?"

"அவங்களையே கேளுங்கப்பா."

"கேட்டேன். பெரியவனாயி அவனே எழுதிக்கட்டும்ங்கிறாங்க, ரெண்டு பேரும். கட்டத்த காலியா வுட்டா கவுண்டர்ல வாங்க மாட்டான்." கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. "சரி, பென்சில்ல ஒரு கோடு போட்டு வைக்கிறேன். திங்கட்கிழமை நேர்லயே கூட்டிட்டுப் போய்க் கேக்கறேன்."